அளவில் அடங்கா அன்பு: இரண்டாம் திருவந்தாதியில் அகநிறைவும் புறஇன்பமும்

ஆய்வுச்சுருக்கம்

முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் கடல்மல்லையில் (மாமல்லபுரம்) தோன்றியவர் என்பது வைணவ மரபு. அவர் இயற்றிய இரண்டாம் திருவந்தாதி உலக இன்பத்தை எவ்வாறு அணுகுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பக்தி இலக்கியம் நிலையாமையை உணர்த்தி இன்பத்தை வெறுக்கச் செய்கிறது என்ற பொதுக்கருத்து இந்நூலுக்குப் பொருந்தவில்லை. உள்ளம் முன்னரே நிறைந்திருப்பதால் உடைமையும் இழப்பும் தம் ஆற்றலை இழந்துவிடுகின்றன என்பதே இந்நூலின் நிலைப்பாடு. அந்த நிறைவும் தனிமனிதனின் உடைமையன்று. அது அவன் அளவைக் கடந்தது. நூலின் 1, 4, 45, 46, 70, 74, 75, 100 ஆகிய வெண்பாக்களையும் அந்தாதித் தொடையின் பணியையும் கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பூதத்தாழ்வார், இரண்டாம் திருவந்தாதி, கடல்மல்லை, அந்தாதி, நிறைவு, நிலையாமை, திருமங்கையாழ்வார், ஐயடிகள் காடவர்கோன்.

முன்னுரை

தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் உலக இன்பம் பெறும் இடத்தைப் பேசும்போது பெரும்பாலும் நிலையாமைக் கோட்பாடே முன்வைக்கப்படுகிறது. இளமை நில்லாது, யாக்கை அழியும், செல்வம் நீங்கும், ஆதலால் இறைவனை நாடுக என்பது அதன் வாய்பாடு. அதற்குச் சான்றுகள் மிகுதி. ஆயினும் இவ்வாய்பாட்டைப் பக்தி நூல்கள் அனைத்திற்கும் பொதுவாக்கும்போது சில நூல்களின் தனிக்குரல் மறைந்துபோகிறது. நூறு வெண்பாக்களாலான இரண்டாம் திருவந்தாதி அத்தகையதொரு நூல். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் இயற்பாவில் இடம்பெறும் இந்நூல் பெரும்பாலும் முதலாழ்வார் மூவரின் அந்தாதிகளைத் தொகுத்துப் பேசும் இடங்களிலேயே குறிக்கப்படுகிறது. அதன் முதல் வெண்பா பெற்ற புகழை ஏனைய வெண்பாக்கள் பெறவில்லை.

இந்நூலை இன்று வாசிப்போர்முன் இருவகை இடர்கள் உள்ளன. ஒன்று, மேற்கூறிய உலகவெறுப்பு வாசிப்பு. மற்றொன்று, ‘மகிழ்ச்சி உனக்குள்ளேயே இருக்கிறது’ என்று அகநிறைவைத் தனிமனிதனின் சேமிப்பாகக் கருதும் இக்கால மனவளப் பேச்சு. முதலாவது பூதத்தாழ்வாரின் மகிழ்ச்சியைக் காணத் தவறுகிறது. இரண்டாவது அம்மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைக் காணத் தவறுகிறது. இவ்விரண்டிற்கும் அப்பால் நூல் என்ன சொல்கிறது என்பதே ஆய்வுச் சிக்கல்.

துறைமுகமும் உள்ளமும்

கடல்மல்லை பொருளறியாத ஊரன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் நாட்டிலுள்ள நீர்ப்பெயற்று என்னும் துறையில் மேற்றிசைக் குதிரைகளும் வடதிசை வளங்களும் வந்திறங்குவதைக் காட்டுகிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடோ அதன் அண்மைக் கடற்கரையோடோ இணைத்துக் காணும் ஆய்வாளர் உளர். மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்திலும், கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் (700–728) காலத்திலும் இவ்வூர் பல்லவர் ஆக்கத்தின் முகமாக விளங்கியது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை அவ்வாக்கத்தின் எச்சங்களே. ‘மாமல்லை’ என்ற பெயர் மாமல்லனால் வந்தது எனக் கொண்டு பூதத்தாழ்வார் அவனுக்குப் பிற்பட்டவர் என்போரும், ஊர்ப்பெயர் அவனுக்கும் முந்தியது என்போரும் உளர். காலம் எதுவாயினும், வாணிகமும் அரசும் செழித்த கடற்கரையே அவருடைய மண் என்பதில் ஐயமில்லை.

இதே ஊரைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இரண்டு பதிகங்களில் பாடியுள்ளார். இரண்டாவது பதிகத்தின் ஒரு பாசுரம் (2.6.6) துறைமுகத்தையே காட்சியாக்குகிறது. பொற்குவையும் யானைகளும் நவமணிகளும் ஏற்றப்பட்ட கலங்கள் சுமை தாளாமல் தாழ்ந்து அசைந்து இயங்குகின்றன. அக்காட்சியை முடித்ததும் ஆழ்வார் தம் நெஞ்சை அழைத்து, தலசயனத்து இறைவனை மனத்தால் வலம்வருவோரை நீ வலம்வருக என்கிறார். கலங்களின் செல்வத்தைப் பழிக்கும் சொல் ஒன்றுகூட அங்கில்லை. கலம் சுமையால் தாழ்கிறது. மனம் வலம்வருதலால் நிறைகிறது. இரண்டையும் அருகருகே நிறுத்துவதோடு ஆழ்வார் அமைகிறார்.

போலித் துறவையும் இவ்வூர் அறிந்திருந்தது. அருச்சுனன் தவம் என்றும் கங்கையின் வருகை என்றும் இருவகையாக விளக்கப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில், மெய்யாகத் தவமியற்றும் முனிவரோடு, முன்கால்களை உயர்த்தித் தவக்கோலம் காட்டும் பூனையும் அதனருகே எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. உடலை ஒறுப்பது மட்டுமே உள்ளத்தின் மாற்றத்திற்குச் சான்றாகாது என்பதை அச்சிற்பி நகையோடு உணர்த்தியிருக்கிறான். பூதத்தாழ்வாரின் நூலும் ஒறுத்தலை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பது பின்னர் விளக்கப்படும்.

இரு விளக்குகள்

முதலாழ்வார் மூவரும் மழையிரவில் திருக்கோவலூர் இடைகழி ஒன்றில் சந்தித்த வரலாறு நன்கறியப்பட்டது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடம். அங்கே நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரெனக் காண விளக்கேற்றினர். காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் கொண்டார். பூதத்தாழ்வார் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, உருகும் சிந்தையைத் திரியாக்கினார். மயிலையில் தோன்றிய பேயாழ்வார் அவ்வொளியில் கண்டதைப் பாடினார்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, கடற்கரையில் பிறந்தவர் கடலை விளக்கின் உறுப்பாக்கவில்லை. உள்நாட்டு நகராகிய காஞ்சியின் புலவரே கடலை எடுத்துக்கொண்டார். மல்லையின் புலவர் கண்முன் நிற்கும் கடலை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆர்வத்தை வைக்கிறார். நெய் என்பது எரிந்து தீர்வது, மீண்டும் வார்க்கப்பட வேண்டியது. கடல் தீராத பொருள் என்பதாலேயே பொய்கையாருக்கு அது நெய்யாயிற்று. அதனிடத்தில் ஆர்வத்தை வைப்பதன்வழி, ஆர்வமும் கடலைப் போன்றே தீராதது என்னும் குறிப்பைப் பூதத்தாழ்வார் பெறவைக்கிறார். இரு வெண்பாக்களையும் இணைத்துப் படிக்கும்போதே இக்குறிப்பு புலனாகும்.

இரண்டாவது, சிந்தை இன்பத்தால் உருகுகிறது என்றே வெண்பா சொல்கிறது. அச்சத்தாலோ வெறுப்பாலோ உருகுவதாக இல்லை. இன்பம் என்னும் சொல் நூலின் தொடக்கத்திலேயே விலக்கப்படாமல் திரியோடு சேர்க்கப்படுகிறது. எனவே இன்பத்தை நீக்குவது இந்நூலின் நோக்கம் என்று கொள்ள முதல் வெண்பாவே இடந்தரவில்லை. நுகர்வதற்காக வெளியே தேடப்பட்ட இன்பம், ஒளிதருவதற்காக உள்ளே எரிகிறது. அதன் இடமும் பணியும் மாறுகின்றன. வைணவ மரபு மூவர்க்கும் முறையே பரபக்தி, பரஞானம், பரமபக்தி என்னும் நிலைகளை வகுத்து, பூதத்தாழ்வார்க்குப் பரஞானத்தை உரிமையாக்குகிறது. அந்த ஞானம் உருகுதலோடு சேர்ந்தே தொடங்குவது கருதத்தக்கது.

உண்மையும் இன்மையும்

நூலின் மையக் கருத்தை 45ஆம் வெண்பா தாங்கி நிற்கிறது. வேங்கடத்து இறைவனின் திருவடியில் பயின்றவர்கள், செல்வம் உண்டு என்று இறுமாப்பதில்லை. முன்பு இருந்தது இப்போது இல்லை என்று தளர்ச்சியின் அருகிலும் செல்வதில்லை என்பது அதன் கருத்து. இதில் செல்வத்தைத் துறக்கவேண்டும் என்ற விதி இல்லை. செல்வம் தீது என்ற மதிப்பீடும் இல்லை. வருவதும் போவதும் இயல்பாக ஏற்கப்படுகின்றன. மாறுவது, அவற்றுக்கு மனத்தின்மேல் இருந்த ஆட்சி மட்டுமே.

இதனைப் பல்லவர் மரபோடு தொடர்புடைய மற்றொரு நூலோடு ஒப்பிடுவது பயன்தரும். பதினோராந் திருமுறையிலுள்ள சேத்திரத் திருவெண்பாவின் ஆசிரியர் ஐயடிகள் காடவர்கோன். அரசுரிமையைத் துன்பமெனக் கருதி மகனிடம் ஒப்படைத்துத் தலங்களை வழிபட்ட பல்லவ மன்னர் என அவரைப் பெரியபுராணம் போற்றுகிறது. அவருடைய 24 வெண்பாக்களும் மூப்பின் தளர்ச்சியையும் இறுதி வேளையின் அவலத்தையும் காட்டி, அதற்கு முன்னரே இறைவனின் ஊரைச் சேருமாறு நெஞ்சை விரைவுபடுத்துவன. அரியணையை விட்டு இறங்கியவரின் குரலுக்கு அவ்விரைவு பொருத்தமானதே. இருவரும் வெண்பாவையே கையாள்கின்றனர். இருவரும் தலங்களை வரிசைப்படுத்துகின்றனர். ஆயினும் காடவர்கோனின் பாடலில் மனிதனை நகர்த்துவது காலத்தின் குறுகல். பூதத்தாழ்வாரின் பாடலில் அவனை நிலைநிறுத்துவது உள்ளத்தின் பெருக்கம். பக்தி இலக்கியத்தின் ‘உலகநோக்கு’ என ஒன்றையே பேசுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

45ஆம் வெண்பா ‘பயின்று’ என முடிகிறது. அந்தாதி முறைப்படி அடுத்த வெண்பா ‘பயின்றது’ எனத் தொடங்குகிறது. முன்னதில் பயில்பவர் அடியார். பின்னதில் பயில்பவன் இறைவன். அரங்கம், திருக்கோட்டியூர், வேங்கடம், திருமாலிருஞ்சோலை, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருநீர்மலை ஆகியவை அவன் பயின்ற இடங்கள். ஒரே வினை எழுவாய் மாறி வரும்போது உறவின் இருபக்கமும் வெளிப்படுகிறது. அடியார் இறுமாப்பும் தளர்வும் இன்றி இருப்பதற்குக் காரணம் அவர்தம் மனவலிமை மட்டுமன்று. அவர் நாடியவன் முன்னரே அருகில் வந்து பழகியிருக்கிறான். இக்காரணத்தை நூல் தனியாக வாதிடவில்லை. தொடை அதனைச் செய்கிறது.

தலங்களின் வரிசையில் உள்ளம்

70ஆம் வெண்பாவில் பூதத்தாழ்வார் தம் ஊரைப் பெயர்சொல்லிக் குறிக்கிறார். இறைவன் உறையும் இடங்களின் பட்டியல் அது. தஞ்சை, அரங்கம், தண்கால், வேங்கடமலை, பாற்கடல், மாமல்லை, கோவலூர், குடந்தை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்னே, பட்டியலின் முதலிடத்தில், அடியாரின் உள்ளம் வைக்கப்பட்டுள்ளது. உள்ளம் என்ற பெயரும் உள்ளும் என்ற வினையும் அவ்வெண்பாவில் மாறிமாறி ஒலித்து, நினைக்கும் இடமும் நினைக்கப்படும் இடமும் ஒன்றையொன்று தொடுகின்றன.

உள்ளத்தை உயர்த்துவதற்காக ஊர்கள் விலக்கப்படவில்லை என்பது இங்கு முதன்மையானது. உள்ளமே போதும், கோயில் வேண்டா என்பது இவ்வெண்பாவின் கருத்தன்று. உள்ளமும் ஒரு தலம், தலங்களுள் முதலாவது. மல்லையும் கோவலூரும் அடுத்தடுத்து நிற்பதும் கவனத்திற்குரியது. முன்னது மரபு கூறும் பிறப்பிடம்; பின்னது விளக்கேற்றிய இடம். இரண்டிற்கும் முன்னே உள்ளம் நிற்கிறது.

4ஆம் வெண்பாவையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும். நகர் ஒன்றை அமைத்து, முத்தும் வயிரமும் சேர்த்து, தாமரை ஏந்தித் திருவடி பணிந்ததாக அது கூறுகிறது. இதனை உள்ளத்தே நிகழும் வழிபாடாகக் கொள்வது உரைமரபு. அவ்வாறு கொள்ளும்போது, திருமங்கையாழ்வாரின் கலங்கள் சுமந்துசென்ற மணிகளின் இனமே இங்கு உள்ளத்து நகரின் கட்டுமானப் பொருளாக நிற்பதைக் காணலாம். துறைமுகத்தின் செல்வச் சொற்களைப் பூதத்தாழ்வார் எறிந்துவிடவில்லை. அவற்றாலேயே உள்ளே ஊர் அமைக்கிறார்.

தலசயனத்தின் தலபுராணமும் இக்கருத்தோடு இயைகிறது. பாற்கடலில் இறைவனைக் காண விரும்பிய புண்டரீக முனிவர், தாமரை மலர்களோடு வந்து, இடையே நின்ற கடலைக் கையால் இறைத்து வழியுண்டாக்க முயன்றார். முதியவராக வந்த இறைவன் அவரிடம் உணவு கேட்டு, அவர் சென்று திரும்புவதற்குள் அவ்விடத்துத் தரையிலேயே பள்ளிகொண்டான் என்பர். கடலுக்கு அப்பால் தேடப்பட்டது நின்ற நிலத்திலேயே கிடைத்தது. ஆயினும் முனிவரின் உழைப்பை அக்கதை எள்ளவில்லை. இறைக்கத் தொடங்கிய கைகளைத் தேடியே இறைவன் வருகிறான்.

பெருமிதமும் யானைக் காட்சியும்

74ஆம் வெண்பா இந்நூலின் வியப்பான இடம். எப்பிறப்பிலும் தவம் செய்தவன் நானே, தவத்தின் பயனை உடையவன் நானே, திருவடிக்குத் தமிழ்மாலை சொன்னவன் நானே என மும்முறை ‘யானே’ என்று கூறி, தம்மைப் பெருந்தமிழன் எனப் பாராட்டிக்கொள்கிறார் ஆழ்வார். செல்வத்தால் இறுமாவாதவரைப் புகழ்ந்தவர் (45) தாமே இவ்வாறு பெருமிதம் கொள்வது முரணாகுமோ எனில், ஆகாது. இறுமாப்பு உடைமையைப் பற்றியது. அது பிறர் இல்லாமையோடு ஒப்பிட்டு வளர்வது. இப்பெருமிதம் கொடுத்ததைப் பற்றியது. ஆழ்வார் பெற்றதாகச் சொல்லும் தவப்பயன், மாலை ஒன்றைச் சூட்டும் வாய்ப்பே. கொடுத்தலில் நிறைவு காண்பவன் தன் நிறைவைக் கூசாமல் சொல்லமுடிகிறது.

அப்பெருமிதம் ‘பெரிது’ என முடிய, 75ஆம் வெண்பா ‘பெருகு’ எனத் தொடங்கி வேங்கடத்து யானைக்காட்சியைத் தருகிறது. மதம் பெருகும் களிறு தன் பிடியின்முன் நின்று, இளமூங்கிற் குருத்தை வளைத்தெடுத்து, அருகிலுள்ள தேனில் தோய்த்து அதற்கு நீட்டுகிறது. தவத்தைப் பேசிய வாய் அடுத்த சொல்லிலேயே காதலைப் பேசுகிறது. சங்க அகப்பாடல்களின் குறிஞ்சிக் காட்சியை நினைவூட்டும் இவ்வெண்பாவில் புலனின்பம் இழிவாகக் காட்டப்படவில்லை. மதம் கொண்ட களிறே ஊட்டும் களிறாகிறது. தனக்கெனப் பறிப்பதை விட்டு மற்றொன்றுக்கு நீட்டும்போது வேட்கை அன்பாகிறது என்பதைக் காட்சி விளக்கமின்றி உணர்த்துகிறது. ஒறுத்தலே தவம் எனக் கருதியவர் இவ்விரு வெண்பாக்களையும் அடுத்தடுத்து வைத்திருக்க இயலாது.

அளவு கடத்தல்

நூறாம் வெண்பா இறைவனைப் பல பெயர்களால் விளித்து, தம்மிடமுள்ள அன்பு தம் அளவில் அடங்குவதன்று என முடிகிறது. ‘அன்பு’ என்ற அச்சொல், முதல் வெண்பாவின் ‘அன்பே’ என்ற தொடக்கத்தோடு இணைந்து நூலை மண்டலமாக்குகிறது. இம்மண்டலிப்பை யாப்பு வேலைப்பாடாக மட்டும் கருதுவது போதாது. முதல் வெண்பாவில் அன்பு அகல், அதாவது கொள்கலம். நூறாம் வெண்பாவில் அன்பு கொள்கலத்தை மீறிய பொருள். நெய்யை அடக்கிவைக்கும் ஏனமாகத் தொடங்கிய அன்பு, நூறு வெண்பாக்களைக் கடந்தபின் ஏனத்தில் அடங்காததாகிறது. முடிந்த இடம் மீண்டும் தொடக்கமாவதால் நூல் தீர்வதுமில்லை.

இடைகழி வரலாறும் இவ்வாறே அமைந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. மூவர் நிற்பதற்கே போதுமான இடத்தில் நான்காமவர் புகுந்ததால் நெருக்கம் உண்டாயிற்று. நிறைவு என்பது இங்கு வசதியான அமைதியாக வரவில்லை. இடம்கேட்டு நெருக்குவதாக வருகிறது. அகநிறைவைத் தனிமனிதனின் உட்சேமிப்பாகக் கருதும் இக்கால வாசிப்பு இங்கேயே தடைப்படுகிறது. ஆழ்வாரின் உள்ளம் தன்னால் தான் நிறைந்ததன்று. வந்தவனுக்கு இடங்கொடுத்ததால் நிறைந்தது. நிறைந்தபின் தன் அளவையும் இழந்தது.

ஒரு மறுப்பும் விடையும்

உள்ளத்தின் நிறைவைப் புகழும் எந்நூலுக்கும் எதிராக நியாயமான ஒரு கேள்வி எழும். இல்லாதவனிடம் நிறைவைப் போதிப்பது அவன் இல்லாமையை நிலைப்படுத்தாதா? கலங்கள் மணிகளைச் சுமந்த துறையில் சுமை இறக்கிய தோள்களும் இருந்திருக்கும். அவர்களுக்கு 45ஆம் வெண்பா என்ன சொல்லும்?

இதற்கு வெண்பாவின் இலக்கணமே விடைதருகிறது. அதன் வினைகள் படர்க்கைப் பலர்பால் எதிர்மறை முற்றுகள், ஏவல்கள் அல்ல. ‘இறுமாவாதே, தளராதே’ எனப் பிறரை நோக்கிய கட்டளை அங்கில்லை; அத்தகையோரின் இயல்பே கூறப்படுகிறது. பொருளால் அமரருலகம் புகமுடியாது எனப் பொருளின் வரம்பைப் பேசும் மற்றொரு வெண்பாவிலோ ஆழ்வார் தம் நெஞ்சையே விளிக்கிறார். திருமங்கையாழ்வாரும் கலங்களைக் காட்டியபின் தம் நெஞ்சையே அழைத்தார். நிறைவு என்பது ஒருவன் தன்னிடமே கேட்கத்தக்கது, பிறனிடம் விதிக்கத்தக்கதன்று.

திருக்குறளின் அமைப்பும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. அவாவறுத்தல் அறத்துப்பாலின் துறவறவியலிலும் (அதிகாரம் 37), நல்குரவு பொருட்பாலின் குடியியலிலும் (அதிகாரம் 105) வைக்கப்பட்டுள்ளன. ஆசையைக் குறைத்தல் ஒருவன் தானே மேற்கொள்ளும் ஒழுக்கம். வறுமை குடியைப் பற்றிய துன்பம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கக்கூடாது. இறுமாப்பையும் தளர்வையும் ஒரே மூச்சில் பேசும் 45ஆம் வெண்பா உடையவனையும் இழந்தவனையும் சேர்த்தே கருதுகிறது. அதன் கண்டிப்பு முதலில் உடையவன்மேல் விழுகிறது என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

இரண்டாம் திருவந்தாதி உலக இன்பத்தை அதன் அழிவைக் காட்டி மறுக்கவில்லை; அதைவிடப் பெரியதொன்றை உள்ளே காட்டி அதன் பிடியைத் தளர்த்துகிறது. இன்பம் முதல் வெண்பாவில் திரியின் உருக்கமாகவும், 75ஆம் வெண்பாவில் களிற்றின் ஈகையாகவும் மீண்டும் வருகிறது. முத்தும் வயிரமும் உள்ளத்து நகரின் கட்டுமானமாகின்றன. தலங்களுள் உள்ளம் முதலிடம் பெறுகிறது. ஆனால் தலங்கள் நீங்கவில்லை. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நிறைவு ஆழ்வாரின் உடைமையாகச் சொல்லப்படவில்லை. அவர் அளவை மிஞ்சியதாகவே சொல்லப்படுகிறது.

எனவே பக்தி இலக்கியத்தின் இன்பநோக்கை ஆராய்வோர் நிலையாமை வழி, நிறைவு வழி என இரு போக்குகளைப் பிரித்தறிதல் தேவை. முன்னதற்கு ஐயடிகள் காடவர்கோனும் பின்னதற்குப் பூதத்தாழ்வாரும் தக்க சான்றுகள். முதலாழ்வார் மற்றிருவரின் அந்தாதிகளையும் இதே நோக்கில் வெண்பாவுக்கு வெண்பா தொடையோடு சேர்த்து ஆராய்ந்தால், இடைகழியில் ஏற்றப்பட்ட விளக்குகளின் வேறுபாடு மேலும் தெளிவாகும்.